கம்பக் காவலர் காலமானார்

இத்தாலியில் அவுஸ்திரேலியக் காற்பந்து விளையாடுகிறவர்கள் எல்லாரையும் சேர்த்தால் ஒரு பஸ் நிரம்பும். அவர்களை நிர்வகிக்கிறவர்களுக்கு இரண்டு பஸ் வேண்டும். பலேர்மோவில் இருந்த சம்மேளனத் தலைமைக் கந்தோரில் மட்டும் பதினான்கு பேர். ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், மூன்று பேர் உபதலைவர்கள், மிச்சம் ஒன்பது பேரும் ஒழுக்காற்றுக் குழு. அவர்களில் ஒருவரும் பந்தைத் தொட்டதில்லை. பந்து கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. தலைவரின் பெரியப்பா மெல்பேர்னில் இருந்து திரும்பி வரும்போது கொண்டுவந்த பந்து. திறப்பு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் அங்கே போனது பந்துக்காக இல்லை, கடதாசிக்காக. பதினொரு வருசம் துறைமுகத்தில் பெட்டி இறக்கினேன். பிறகு வலது முழங்கால் இறங்கிவிட்டது. முழங்கால் போனால் வேலை போகும், வேலை ஒப்பந்தம் போனால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி போகும், பெர்மெஸ்ஸோ போனால் ஆள் போக வேண்டியதுதான். என் மனுசி விமலராணியின் பெர்மெஸ்ஸோ என்னுடையதின் வாலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒன்பது வருசமாக, சின்யோரா என்று கூப்பிடுகிற ஓர் இத்தாலியச் சீமாட்டி வீட்டில் தூசு தட்டுகிறாள். சின்யோரா அவளுக்கு ஒப்பந்தம் எழுதவில்லை. "நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி. குடும்பத்துக்குள் யாராவது ஒப்பந்தம் எழுதுவார்களா?" என்று கேட்பா. கேட்டுவிட்டுக் கக்கூசைக் காட்டுவா.

மே பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க எனக்கு நாள் தந்திருந்தார்கள். அன்றைக்கு என் கையில் உயிரோடு ஓர் ஒப்பந்தம் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சின்யோராவின் தமையன்தான் சம்மேளனத் தலைவர், லோ பிரெஸ்தி. சின்யோரா சொல்லிவிட்டா, நான் போய் நின்றேன்.

"கிறிகோரி," என்றார் தலைவர், "இது சமத்துவத்தின் விளையாட்டு. இங்கே பெரியவன் சிறியவன் இல்லை. ஆகவே சம்மேளனத்தின் மிகக் கீழான பதவியை உமக்குத் தருவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை."

பதவியின் பெயர் கம்பக் காவலர். இந்த விளையாட்டில் ஒவ்வொரு அந்தத்திலும் நாலு கம்பம். நடு இரண்டுக்குள்ளால் பந்து போனால் கோல், ஆறு புள்ளி. பக்கத்தால் போனாலோ, நடுக் கம்பத்தில் பட்டாலோ ஒரு புள்ளி. எட்டுக் கம்பங்களையும் ஆட்டத்துக்கு முதல் நட வேண்டும், ஆட்டம் முடியப் பிடுங்க வேண்டும். விட்டுவைத்தால், மைதானம் இருந்த பிரான்காச்சோ வட்டாரத்தில் இரும்பு தங்காது.

ஒப்பந்தத்தைச் செயலாளர் வாசித்துக் காட்டினார். எந்தக் கடதாசியையும் எந்தக் கெடுவுக்கும் பிந்தாமல் அனுப்புகிறவர் என்று அவருக்குப் பெயர். நாலாம் பிரிவில் குரலைத் தாழ்த்தினார்: "பிரான்காச்சோக் கழகம் தேசியக் கிண்ணத்தில் நீடிக்கும் வரைக்கும் இந்த ஒப்பந்தம் செல்லும்."

தேசியக் கிண்ணம் என்பது தோற்றால் வெளியே போகிற போட்டி. ஒரு தோல்வி, கழகம் வீட்டுக்கு. கழகம் வீட்டுக்குப் போனால் நான் நாட்டுக்கு.

"மே பன்னிரண்டு வரைக்கும் தோற்காமல் இருப்பினமோ?" என்று மனுசி கேட்டாள்.

"ஆர் விளையாடுகினம் எண்டு பாத்திட்டுச் சொல்லுறன்" என்றேன்.

பார்த்தேன். பாரில் கோப்பை கழுவுகிற நாலு பேர், கார் திருத்துகிற மூன்று பேர், இரண்டு மாணவர்கள், ஒரு மீன் வியாபாரி, தலைவரின் மருமகன்.

மைதானம் வட்டாரக் குடியிருப்பு மாடிகளுக்கும் கராஜ்களுக்கும் நடுவில் இருந்தது, நீள்சதுரமாக. இந்த விளையாட்டுக்கு மைதானம் முட்டை வடிவில் இருக்க வேண்டும். சம்மேளனம் ஏழு தரம் கூடி, சதுரத்துக்குள்ளே சுண்ணாம்பால் ஒரு முட்டை கீறச் சொன்னது. கீறினேன். நாலு மூலையும் வெளியே மிஞ்சின. அவற்றை என்ன செய்வது என்று எட்டாம் தரம் கூடி, அந்த நாலு மூலையும் இல்லை என்று தீர்மானித்தார்கள். இல்லாத இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. தண்ணீர்ப் பைப் ஒரு மூலையில் இருந்தது. அன்றிலிருந்து விளையாடுகிறவர்களுக்குத் தண்ணீர் இல்லை. மீன் வியாபாரி மயங்கி விழுந்தபோது செயலாளர் மூலையைப் பார்த்தார், விதிப் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு மீன் வியாபாரியை முட்டைக்கு நடுவில் இழுத்துக் கிடத்தச் சொன்னார்.

கம்பத்தைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் இல்லை என்பதால் கோல் நடுவர் வேலையும் எனக்கே வந்தது. "அவர் கழகத்தின் ஆள் அல்லவா?" என்று ஓர் உபதலைவர் கேட்டார். "கம்பம் நடுநிலையானது. கம்பத்தைக் காப்பவனும் நடுநிலையானவன்" என்றார் செயலாளர். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, இரண்டு வெள்ளைக் கொடி. கோல் என்றால் இரண்டு கொடியையும் வீச வேண்டும், ஒரு புள்ளி என்றால் ஒரு கொடி. மற்ற அந்தத்தில் நிற்கிறவர் அதைப் பார்த்துத் திருப்பி வீசினால்தான் கணக்கில் சேரும்.

மற்ற அந்தத்துக்குத் தில்லையம்பலத்தாரைக் கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்தார், ஒரு மாடிக் கட்டடத்தில் வாசல் காவல். என்னைவிட எட்டு வயது மூப்பு. கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார்.

"கிறிகோரி, டொக்டர் மாதிரி இருக்கிறன் என்ன?"

"ஓம் அண்ணை. வருத்தக்காறர்தான் இல்லை."

"பொறு. விளையாட்டுத் துவங்கட்டும்."

முதற்சுற்று மார்ச்சில் நடந்தது. எதிரணி வரவில்லை. நாப்போலியில் கப்பலைத் தவறவிட்டுவிட்டார்கள். எனக்குச் சந்தோசம். வராத ஆளிடம் தோற்க முடியாதே என்று நினைத்தேன். சம்மேளனத்தை அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது.

செயலாளர் நாணயம் சுண்டினார். எங்கள் கப்டன் தலை என்றான், பூ விழுந்தது. வென்றவர் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். வென்றவர் நாப்போலியில் இருந்தார். பத்து நிமிசம் அவருடைய பதிலுக்காக வெயிலில் நின்றோம். பிறகு செயலாளர் விதியை வாசித்தார்: எதிரணி வராவிட்டால் வந்த அணி அறுபதுக்குப் பூச்சியம் என்று வெல்லும். "ஆனால் சம்மேளனம் புள்ளிகளைச் சும்மா கொடுப்பதில்லை. அறுபதையும் அடித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வராத அணிக்கு வெற்றி."

வெறும் மைதானம், ஒருவரும் தடுக்கவில்லை. பாதி ஆட்டம் முடிய எங்களுக்கு இருபத்தொரு புள்ளி. கோப்பை கழுவுகிற ஒருவன் பந்தை உதைத்தான், பந்து அவனுக்குப் பின்னால் போனது. மருமகன் கோலுக்கு முன்னால் தனியே நின்று, இல்லாத ஆளை ஏய்க்கப் பார்த்துத் தடக்கி விழுந்தான். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னேன். கடைசி நிமிசத்தில் ஐம்பத்தொன்பது. அறுபதாவது புள்ளி பக்கக் கம்பத்துக்குப் பக்கத்தால், வெட்கப்பட்டுக்கொண்டு போகிற நாய் மாதிரி, உருண்டு போனது. ஒற்றைக் கொடியை நான் வீசின வீச்சில் தோள்மூட்டு விலகிவிட்டது.

தலைவர் பேசினார்: "இன்று நாம் எதிரியை வெல்லவில்லை. நம்மையே வென்றோம். அதுவும் மயிரிழையில்."

அடுத்த சுற்று ஏப்ரலில். பொலோஞ்ஞாவில் இருந்து உண்மையான ஆட்கள் உண்மையாகவே வந்தார்கள். அதற்கு மூன்று நாளுக்கு முன் சம்மேளனம் எனக்கு ஒரு பெட்டி அனுப்பியது. உள்ளே நாற்பது வெள்ளைக் கொடி. பஸ் தரிப்பிடத்தில் இருந்து மைதான வாசல் வரைக்கும் றோட்டை அலங்கரிக்க வேண்டும். வெள்ளை இந்த விளையாட்டின் புனித நிறமாம்.

நான் கட்டினேன். ஒரு லைற் கம்பத்தில் இருந்து மற்றதுக்கு நூலை இழுத்து, கொடிகளை இடைவெளி விட்டுக் கட்டி, நடுவில் கொஞ்சம் தொய்ய விட்டேன். எனக்குத் தெரிந்த கட்டு அது ஒன்றுதான். கட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. எங்கள் ஊரில் றோட்டை இப்படி ஒரு காரியத்துக்குத்தான் கட்டுவோம். ஆனால் பெட்டியில் சம்மேளனத்தின் முத்திரை இருந்தது. முத்திரைக்குத் தெரியாததா?

எங்கள் சனத்திடம் ஒரு முறை இருக்கிறது. கலியாணத்துக்குச் சொன்னால்தான் போவார்கள். சொன்ன விதம் சரியில்லை என்றால் அதற்கும் போகமாட்டார்கள். செத்தவீட்டுக்குச் சொல்லக் கூடாது, தாங்களாக வர வேண்டும். வந்து இருந்து, அழவேண்டியதை அழுத பிறகுதான் ஆர் செத்தது என்று பக்கத்து ஆளிடம் மெல்லக் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் முடிந்து, பஸ்ஸில் போன சனம் வெள்ளைக் கொடியைக் கண்டது. மணி அடித்து இறங்கியது. கொடி போன வழியே நடந்தது. மைதானத்துக்குள் வந்தது.

முதல் வந்தது குகனேஸ்வரி, பல்லரோச் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறவள். அவள் தலைக்கறுப்புத் தெரிந்தால் செத்தவீடு களைகட்டும். வந்தவள் வெள்ளைக் கோட்டோடு விறைத்துப்போய் நின்ற என்னைக் கண்டாள்.

"அண்ணை, ஆர் அண்ணை?"

நடுவர் பார்வையாளரோடு கதைத்தால் ஆட்டம் செல்லாது. விதி பதினொன்று. நான் நேரே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஐயோ, வாய் கட்டிப்போச்சு! ராணி அக்காவோ? ஐயோ என்ரை ராணி அக்கா!"

அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். மற்றப் பெண்களும் இருந்தார்கள். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு வேலியோரமாக நின்றார்கள். முப்பது, முப்பத்தைந்து பேர். பந்து என் பக்கம் வந்த நேரமெல்லாம் நான் கொடியை வீச, அதைக் கண்டு இவர்கள் குரலை உயர்த்தினார்கள். பொலோஞ்ஞாக்காரருக்குக் கால் சோர்ந்துவிட்டது. அவர்களுடைய கப்டன், பெரிய மீசைக்காரன், நாலு காலாக நடக்கிற ஆட்டத்தின் மூன்றாம் காலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது எங்கள் மீன் வியாபாரி அவனுடைய கையில் இருந்த பந்தைப் பறித்துக்கொண்டு போனான். நாங்கள் நாலு புள்ளியால் வென்றோம்.

நாலாம் காலில் விமலராணி தேத்தண்ணிப் போத்தலோடு வந்து சேர்ந்தாள்.

"ஆரடி செத்தது?" என்று குகனேஸ்வரியிடம் கேட்டாள்.

குகனேஸ்வரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கள்தான் அக்கா. சரி, வந்தது வந்திட்டியள், ஒரு வாய் தேத்தண்ணி தாங்கோ. தொண்டை வறண்டு போச்சு."

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தபோது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "எத்தனை கண்ணியமான பார்வையாளர்கள்! கைதட்டவில்லை. விசிலடிக்கவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் தங்கள் சொந்த இழப்பாக உணர்ந்தார்கள். இந்த விளையாட்டின் ஆன்மாவை முதன்முதலில் புரிந்துகொண்ட மக்கள் இவர்களே."

அரையிறுதி மே பத்து, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு நாள் கொடுத்த செவ்வாய்க்கு இரண்டு நாள் முதல். அதை வென்றால் செவ்வாயன்று என் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். அந்த ஆட்டத்தைப் பார்க்க ரோமில் இருந்து ஒரு பரிசோதகர் வரப்போவதாகக் கடிதம் வந்தது. பார்வையாளர் அறுபது பேருக்குக் குறைந்தால் சம்மேளனத்தின் பெயரில் இருந்து 'தேசிய' என்ற சொல்லை எடுத்துவிடுவாராம். பதினான்கு பேரும் கூடினார்கள். என்னையும் தில்லையம்பலத்தாரையும் கூப்பிட்டார்கள்.

"சென்ற முறை அந்த மக்களை எப்படி வரவழைத்தீர்?" என்று தலைவர் கேட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். செத்தவீடு என்று நினைத்து வந்தவை. இனிக் கொடியைக் கண்டும் வரமாட்டினம், ஏமாந்துபோனவை.

தில்லையம்பலத்தார் பகிடியாகத்தான் சொன்னார்: "இந்த முறை மெய்யாவே ஆராவது செத்தால்தான் வருவினம்."

செயலாளர் அதை எழுதிக்கொண்டார்.

தெரிவுக்குத் தகுதிகளும் உடனே வகுக்கப்பட்டன. இறக்கிறவர் அந்த மக்களுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சம்மேளனத்தின் ஊழியராக இருக்க வேண்டும். இல்லாமல் போனால் பெரிய குறையாகத் தெரியாதவராக இருக்க வேண்டும். வாக்கெடுப்பு நடந்தது. பதினான்கு கையும் உயர்ந்தன. என் வாழ்நாளில் நான் வென்ற ஒரே தேர்தல் அதுதான்.

"அப்ப என்ரை ஒப்பந்தம்?" என்று கேட்டேன்.

"கிறிகோரி, ஒப்பந்தம் உமக்கும் எமக்கும் இடையிலானது. மரணம் பொதுமக்களுக்கானது. இரண்டையும் ஏன் போட்டுக் குழப்புகிறீர்? நீர் மறுத்தால் பார்வையாளர் இல்லை. அழுகை இல்லாமல் எங்கள் பையன்கள் வெல்வார்கள் என்று நினைக்கிறீரா?"

நான் மருமகனை நினைத்துப் பார்த்தேன். சாவதற்கு ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பல்லரோ முழுக்க ஒட்டினார்கள். இந்த ஊர்க்காரருக்கும் செத்தால் சுவரில் ஒட்டுகிற பழக்கம் உண்டு, எங்களுக்கும் உண்டு. கறுப்புக் கரை போட்டு மேலே இத்தாலியனில், கீழே தமிழில். என் பெர்மெஸ்ஸோப் படம். தமிழைத் தில்லையம்பலத்தார் எழுதிக்கொடுத்திருந்தார்.

'மன்னாரைப் பிறப்பிடமாகவும் பலேர்மோவை வசிப்பிடமாகவும் கொண்ட அல்போன்ஸ் கிறிகோரி அவர்கள் காலமானார். அன்னார் விமலராணியின் அன்புக் கணவரும் எட்டுக் கம்பங்களின் காவலரும் ஆவார். இறுதி நிகழ்வு ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் பிரான்காச்சோ மைதானத்தில் நான்கு காலாட்டமாக நடைபெறும். தகவல்: சம்மேளனம்.'

"நான் இப்ப என்ன, தாலியைக் கழட்டட்டோ?" என்று கேட்டாள் மனுசி. சுளகில் இருந்த பருப்பில் கல்லுப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும்தானே."

"செத்த மனுசன் மாதிரியே இருக்கிறியள்? விடியத் துவக்கம் ரெண்டு தரம் தேத்தண்ணி கேட்டிட்டியள்." கல்லை எடுத்து எறிந்தாள். "என்னவோ செய்யுங்கோ. முன் வரிசையிலை இருக்கிறன். ஆனால் நான் அழமாட்டன். அழுகிறதெண்டால் அதைக் குகனேஸ்வரியைச் செய்யச் சொல்லுங்கோ."

ஞாயிறு நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கப்பலடியில் என்னோடு வேலை செய்தவர்கள் மலர்வளையம் கொண்டுவந்தார்கள். எனக்கு இத்தனை பேரைத் தெரியும் என்று எனக்கே தெரியாது. பரிசோதகர் விரலால் எண்ணி, கொப்பியில் குறித்துக்கொண்டு போனார். எண்பதைத் தாண்ட அவரே தொப்பியைக் கழற்றினார்.

கோல் நடுவராக நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லை. அதையும் செயலாளர் தீர்த்துவைத்தார். என் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டு, பதிவேட்டில் 'பெயரிடப்படாத நடுவர்' என்று எழுதினார். ஆட்டம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அருமையான மனுசன்."

"ஓம், ஓம். ஆனால் கை கொஞ்சம் இறுக்கம்."

"அந்தக் கோட்டுப் போட்ட ஆள் கிறிகோரி அண்ணை மாதிரியே கிடக்கு" என்றாள் குகனேஸ்வரி.

"தம்பிக்காறனாக்கும். ஊரிலை இருந்து வந்திருப்பான்."

"பாருங்கோவன். தமையன் செத்ததுக்கு வந்து கொடி ஆட்டிக்கொண்டு நிக்கிறான்."

எதிரணி மிலானோக்காரர். அவர்களுக்கு அழுகை பிடிபடவில்லை, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு விளையாடினார்கள். கடைசி நிமிசத்தில் நாங்கள் மூன்று புள்ளி பின்னுக்கு. மீன் வியாபாரி தூரத்தில் இருந்து உதைத்தான். பந்து வந்தது. நடுக் கம்பத்தில் பட்டது. சத்தமில்லை, ஒரு சின்ன அதிர்வுதான். வேறொருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும், அந்தக் கம்பத்தை நட்டவன் நான். கம்பத்தில் பட்டால் ஒரு புள்ளி, கழகம் தோற்கும். படாவிட்டால் ஆறு புள்ளி, கழகம் வெல்லும்.

ஐம்பத்துநாலு வயது வரைக்கும் நான் பொய்ச்சாட்சி சொன்னதில்லை. அன்றைக்கு இரண்டு கொடியையும் எடுத்தேன். வீசினேன். மைதானத்தின் மற்ற அந்தத்தில் தில்லையம்பலத்தார் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் இரண்டையும் வீசினார். சனம் ஓவென்று அழுதது. மூன்று புள்ளியால் வென்றோம்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு பெர்மெஸ்ஸோக் கந்தோர். மனுசியும் வந்தாள், இரண்டு பேருடையதும் ஒன்றாகப் போக வேண்டியவை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல பிள்ளை. கொம்பியூற்றரில் தட்டினாள். பிறகு குரலைத் தணித்தாள்.

"அல்போன்ஸ் கிறிகோரியின் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை மூடப்பட்டிருக்கிறது. காரணம், வேலையாள் இறந்துவிட்டார். உங்களுக்கு என் அனுதாபம். நீங்கள் அவருக்கு என்ன முறை?"

"நான்தான் அது" என்றேன்.

வேலையாள் செத்தால் ஐந்து நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். செயலாளர் ஐந்து மணித்தியாலத்துக்குள் அறிவித்திருந்தார், சுவரில் பசை காயமுதல்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "நீங்கள் நிற்கிறது எனக்குத் தெரிகிறது. ஆனால் நான் கண்ணால் கண்டதை இதற்குள் எழுத இடம் இல்லை. இறக்கவில்லை, தவறுதலாக அறிவித்தோம், ஒப்பந்தம் தொடர்கிறது என்று உங்கள் முதலாளி ஒரு கடிதம் தர வேண்டும். வியாழக்கிழமைக்குள்." பிறகு விமலராணியின் பக்கம் திரும்பினாள். "கடிதம் வராவிட்டால் நீங்கள் பயப்பட வேண்டாம். கணவர் இறந்த மனைவிக்குத் தன் பெயரில் பெர்மெஸ்ஸோ கேட்க உரிமை இருக்கிறது. விண்ணப்பத்தை இப்போதே எடுத்துவைக்கிறேன்."

நேரே தலைவரிடம் போனேன். அவர் எழும்பி வந்து கைகொடுத்தார். மேசையில் ஒரு புதுக் கேடயம் இருந்தது, 'கிறிகோரி நினைவுக் கேடயம்' என்று பொறித்து. கொஞ்சம் பாரமான சாமான்தான். என் கையில் தந்து பார்க்கச் சொன்னார்.

"கடிதமா?" என்றார். "கிறிகோரி, நிதானமாக யோசியும். பரிசோதகர் எண்ணியது ஒரு மரணச் சடங்குக்கு வந்த நூற்றுப் பன்னிரண்டு பேரை. மரணம் இல்லை என்றால் அந்த நூற்றுப் பன்னிரண்டும் மோசடி. 'தேசிய' போய்விடும். ஒரு தேசத்துக்கு நீர் அதைச் செய்வீரா? அடுத்தது, அந்தக் கடைசிக் கோல். அதைக் காட்டியது பெயரிடப்படாத நடுவர். நீர் உயிரோடு இருந்தால் அவர் நீர்தான் என்றாகும். கழகம் வென்றால் பயனடையும் ஒருவர் கோல் காட்டினார் என்றாகும். கோல் செல்லாது, கழகம் வெளியே, நாலாம் பிரிவின்படி உமது ஒப்பந்தமும் முடியும். நீர் இறந்திருந்தால் கோல் செல்லும், கழகம் இறுதியாட்டத்தில், ஒப்பந்தம் மட்டும் மரணத்தால் முடிந்தது. இரண்டு வழியிலும் உமக்கு ஒன்றும் இல்லை. ஒரு வழியில் எங்களுக்கு எல்லாம் இருக்கிறது. நீர் நடுநிலையான ஆள். நீரே சொல்லும்."

"அந்தப் பந்து கம்பத்திலை பட்டது" என்றேன். எனக்கு அதைத்தான் சொல்ல வந்தது. கோபமாகச் சொல்லவேண்டியதை அவ்வளவு மெதுவாகச் சொல்லிவிட்டேன்.

"இறந்தவர்கள் சாட்சி சொல்வதில்லை" என்றார் அன்பாக. என் தோளில் கை வைத்தார். "பாரும், இது வெளியேற்றும் போட்டி. வெளியே போனவர் திரும்பி வரமுடியாது, அதுதான் இதன் அழகு. இன்றைக்கு உம்மைத் திரும்ப எடுத்தால் நாளைக்குப் பொலோஞ்ஞா வந்து நிற்கும். மிலானோ வந்து நிற்கும். நாப்போலியில் கப்பலைத் தவறவிட்டவன்கூட வந்து நிற்பான். எல்லாரையும் உயிர்ப்பித்துக்கொண்டிருக்க நாங்கள் என்ன, தேவாலயமா?"

வெளியே வரும்போது செயலாளர் வாசலில் நின்றார். புதுக் கம்பக் காவலராகத் தில்லையம்பலத்தாரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். ஆள் எடுக்கிற கெடுவுக்கு இரண்டு நாள் முதலே.

புதன்கிழமை இரவு மனுசியும் நானும் ஒரு கணக்குப் போட்டோம். நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிறுவினால் இரண்டு பேருக்கும் கடதாசி இல்லை. நிறுவாவிட்டால் ஒருத்திக்கு இருக்கிறது. இந்தக் கணக்கைப் போட அவ்வளவு படிப்புத் தேவையில்லை.

வியாழக்கிழமை அவள் வெள்ளைச் சீலை உடுத்தினாள். தாலி கழுத்தில் இல்லை. எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில்தான் இருந்தாள். கந்தோர் வாசலில் இறங்கினதும் எனக்கு முன்னால் நடந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் அதே பிள்ளைதான், ஆனால் சனம் நிரம்பியிருந்தது. தலை நிமிராமல் எழுதிக்கொண்டு கேட்டாள்.

"கணவர் இறந்த நாள்?"

விமலராணி கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளிக்கிழமை."

"வீட்டில் உங்களோடு வேறு யாரும் இருக்கிறார்களா?"

"இல்லை."

"இங்கே கையெழுத்து."

அவள் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தாள். சின்யோரா வீட்டில் கண்ணாடிச் சாமான் துடைக்கிற அதே கையால். பிள்ளை முத்திரை குத்தினாள். கடதாசியை நீட்டும்போதுதான் தலை நிமிர்ந்தாள். பின்னால் நின்ற என்னைக் கண்டாள். அவளுக்கு முகம் எங்கோ கண்டமாதிரி இருந்திருக்க வேண்டும்.

"இவர் யார்?"

விமலராணி திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரிஞ்ச ஆள்" என்றாள். "பை தூக்க வந்தவர்."

நான் பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.